அம்மன் பெயருக்கு மாறிய கூறைப்புடவை

பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் தூங்கின அந்தத் தூளிக்கு ஒரு கதை உண்டு. அதில் ரோமாபுரிக்காரர்களும் வருகிறார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சண்டையில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பட்டறையில் வேலை. கடைகளில் துணி என்பதே கிடையாது. கோணிச் சாக்கை வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவிடம் கிழியாமல் மிஞ்சியிருந்தது கல்யாணக் கூறைப்புடவை ஒன்றுதான். பெரியக்கா அப்போது வயிற்றில். அவளுக்குத் தூளி கட்டுவதற்கென்று அம்மா அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். ஒருநாள் பூஞ்சை வாடை போகட்டுமென்று கொடியில் உலர்த்தினாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் புடவை இல்லை.

மறுநாள் காலை நானும் குழாயடியில் கூட நிற்க, எடுத்தவளைத் தூற்றிச் சபிக்க அம்மா ஒரு பிடி மண்ணை அள்ளிவிட்டாள். “எடுத்தவ கை அழுகிப் போக! அவ வயிறு...” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். தன் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொருத்தி வயிற்றைச் சபிக்க வாய் வரவில்லை. மண்ணைக் கீழே போடவும் மனசில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு நின்றிருந்தார். வேதக்காரர். பாதிரியாராகப் படிக்கப் போய், லத்தீன் கற்றுக்கொண்டு, பாதியில் திரும்பி வந்து ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியானவர். பெண்கள் அவரை வேடிக்கையாகச் சாமியார் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தங்கச்சி, திட்டுறதுன்னா ரோமாபுரிக்காரன்கிட்ட கத்துக்கணும்லா,” என்றார். “அங்க புலவனுங்க சாபத்தையே பாட்டா எழுதி வச்சிருக்கானுங்க. சும்மா நாசமா போன்னு சொல்ல மாட்டான். புராணத்துலேர்ந்து ஒவ்வொரு பாவியா இழுத்துட்டு வந்து, அவனுக்கு வந்த கதி உனக்கும் வரட்டும்பான்.”

“எங்க, ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்,” என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவள் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

“ஒரு ராஜா. தேவியோட தோப்புல இருந்த பெரிய மரத்தை வெட்டிட்டான். அவ கோவத்துல பசியை அவன் வயித்துக்குள்ள அனுப்பிட்டா. தின்னத் தின்னப் பசி. சொத்தை வித்துத் தின்னான், பெத்த மகளை வித்துத் தின்னான், கடைசியில தன் உடம்பையே கடிச்சுத் தின்னான்.”

அந்த அக்கா, “போங்கண்ணே! அரிசி இல்லாம மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டு நாங்க எல்லாரும் அப்படித்தான் இருக்கோம். இதுக்கு ஒரு பாட்டு வேறயா?” என்றாள். குழாயடியே சிரித்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அவ சாக வேணாம்ணே. எனக்குப் புடவை வேணும்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “அப்ப புலவனை விடு. சாதாரண சனம் என்ன செய்யும் தெரியுமா? ஈயத் தகட்டுல எழுதி, சுருட்டி, சாமி கோயில் ஊத்துத் தண்ணியில போட்டுடும். ‘காணாமப் போனதை உனக்கே கொடுத்துட்டேன் தாயே, இனி அது உன் சொத்து. எடுத்தவங்க உன் கோயில்ல கொண்டாந்து வைக்கிற வரைக்கும் தூக்கம் கொடுக்காதே.’ வச்சுட்டா சாபம் தீந்தது.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“ஈயத்துக்கு என் மூஞ்சியைப் பார்க்காதே,” என்றேன். “பட்டறையிலேர்ந்து எடுத்தா ஜப்பான்காரன் என் தலையை எடுத்துடுவான்.”

“எழுத்து எதுக்கு? வாய் இருக்குல்ல,” என்றாள் அம்மா.

மண்ணைப் போட்டுக் கையைக் கழுவினாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மாரியம்மன் கோயில் பக்கமாகத் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும். கேட்கவேண்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

அம்மா சொன்னது பூசாரி காதுக்கும் போயிருந்தது; அந்த வாரமே எங்களுக்கு ஆள் அனுப்பினார். கோயில் படியில் புடவை இருந்ததாம், துவைத்து மடித்தபடி. ஓடினோம். அம்மா ஆசையாகக் கையை நீட்டினாள். தொடுமுன் இழுத்துக்கொண்டாள்.

“எப்படிங்க எடுக்கறது? அம்மனுக்குக் கொடுத்துட்டேனே!”

இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. கூட வந்திருந்த சாமியார் அண்ணனிடம், “ரோமாபுரியில இதுக்கு என்ன செய்வாங்க?” என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். “பொருள் திரும்பி வந்தா என்ன செய்யறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையேப்பா.”

பூசாரி எங்கள் மூவரையும் பார்த்தார். “அம்மனுக்குத்தானே கொடுத்தே? அப்ப அவ கட்டிக்கட்டும்,” என்று புடவையை உள்ளே எடுத்துப் போனார்.

சாயங்காலப் பூசையில் அம்மா தன் கூறைப்புடவையை அம்மன் உடம்பில் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் முகத்தில் குறையில்லை. “அவளுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றாள் என் காதில். பூசை முடிந்ததும் பூசாரி புடவையைக் களைந்து, குங்குமமும் பூவும் வைத்துத் தட்டோடு அவளிடம் நீட்டினார்.

“சாத்தின புடவை, பிரசாதம். பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பேன்?”

வாங்கிக்கொண்ட அம்மா உடனே வெளியே வரவில்லை. அம்மனிடம், “எடுத்தவளும் துணி இல்லாமத்தானே எடுத்திருப்பா. அவ இனி நல்லாத் தூங்கட்டும் தாயே,” என்றாள்.

அந்தக் குங்குமம் முந்தானையில் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. பெரியக்காவிலிருந்து கடைக்குட்டி வரை நீங்கள் எல்லாரும் அந்தச் சிவப்பைத்தான் பிடித்துச் சப்பிக்கொண்டே தூங்கினீர்கள்.