எடு, துடை, காட்டு

போன பௌர்ணமியன்று என் லேப்டாப் வெறும் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

என் மகள் மல்லிகா இருப்பது ஜெர்மனியில். வாராவாரம் தன்னை வீடியோ எடுத்து அனுப்புவாள். போன் திரை என் கண்ணுக்குப் போதாது என்று, தன் பழைய லேப்டாப்பில் மூன்று குட்டி ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுப் போனாள். ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றுமில்லை — கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலையை முன்கூட்டியே எழுதி வைப்பது. நான் படித்தது அஞ்சாவது. அதனால் பேர்கூடத் தமிழில்தான். 'எடு' — புது வீடியோவை இறக்கும். 'துடை' — லேப்டாப்பில் இடம் கம்மி ஆச்சே, பழையதை அழிக்கும். 'காட்டு' — படம் ஓடும்.

மூன்றையும் ஒரே வரியில் கோத்திருந்தாள் ('sh' என்றால் 'ஓட்டு' என்று அர்த்தமாம்):

sh எடு; sh துடை; sh காட்டு

மேல் அம்புக்குறியைத் தட்டினால் அந்த வரி வரும். என்டர் தட்டினால் மகள் வருவாள்.

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலை. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் வாசலை ஒட்டிப் போகும். அத்தனை பேர் கையிலும் போன்... டவர் என்ன செய்யும்? அன்றைக்கு நெட்டை நம்பி இங்கே யாரும் எதையும் தொடமாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அவளைப் பார்க்கணும் போலிருந்தது. தட்டிவிட்டேன்.

'எடு' தோற்றது. 'துடை' அதைக் கண்டுகொள்ளவே இல்லை — போன வார வீடியோவை அழித்துவிட்டது. 'காட்டு'க்குக் காட்ட ஒன்றுமில்லை.

என் ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு, "தீபத்துக்கு வந்துடறேம்மா" என்று சொன்னாளே, அந்த வீடியோ! அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போனில் பிடித்தேன்.

"இன்னாடி, உன் துடைப்பம் உன்னையே பெருக்கித் தள்ளிடுச்சு!"

"பௌர்ணமியில ஏம்மா தட்டுன? அந்த வீடியோ என்கிட்டயும் இல்லியே..."

"புதுசு வரவே இல்ல. அப்புறம் எதுக்குப் பழசைத் துடைச்சுது?"

"தப்பு என்னோடதுதாம்மா. நடுவுல அரைப்புள்ளி வெச்சா, முன்னாடி வேலை ஆச்சா ஆகலியான்னு பாக்காது. அடுத்ததுக்குப் போயிடும். அதை எடுத்துட்டு ரெண்டு 'அண்ட்' குறி போடு. முன்னது சரியா முடிஞ்சாதான் அடுத்தது ஓடும். ஷிப்டை அமுக்கிட்டு ஏழைத் தட்டு... இன்னொரு வாட்டி."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாற்றினேன்:

sh எடு && sh துடை && sh காட்டு

"சரி... தீபத்துக்கு வர்றேன்னியே?" மெதுவாகத்தான் கேட்டேன்.

"வரணும்மா. ப்ராஜெக்ட் முடிஞ்சா, லீவு குடுத்தா, டிக்கெட் கெடைச்சா..."

"ஆவட்டும் கண்ணு" என்று போனை வைத்துவிட்டேன்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருமே இப்படித்தான், இல்லையா? ஊருக்கு வருவதை மட்டும் ரெண்டு அண்ட் போட்டே கோக்கிறார்கள். முன்னது முடிந்தால்தான் அடுத்தது. கம்ப்யூட்டருக்கு அது நல்ல பழக்கம். சந்தேகமே இல்லை.

போனில் சொல்லக் கூச்சம். பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியை நீ எப்படியும் படிப்பாய், அதனால் எழுதிவிடுகிறேன். மல்லிகா, ப்ராஜெக்ட் முடியட்டும், முடியாமல் போகட்டும்... இந்த ஒரு தடவை அரைப்புள்ளி போட்டு வந்துவிடேன்.