வெற்றிப் பதக்கத்தில் விழுந்து கிடப்பவன்

துருக்கியரோடு சண்டை நடந்த அந்த வருஷங்களில் எங்கள் நூர்ன்பெர்க்கில் வெள்ளிப் பதக்கம் அடிக்காத வாரமே கிடையாது. கோட்டை பிடித்தால் பதக்கம், பேரரசர் தும்மினால் பதக்கம். எஃகு அச்சில் உருவம் செதுக்குகிறவன் ஃபைட் ஹாகன். அதைத் திருகு எந்திரத்தில் பூட்டி வெள்ளியில் பதிக்கிறவன் நான். ஃபைட் முன்பு துப்பாக்கிப் பிடிகளில் பூ வெட்டிக்கொண்டிருந்தவன், இருபது வயதில் எங்கள் பட்டறைக்கு வந்தான். வாயைத் திறந்தால் குறைதான் சொல்வான். கையோ, அடடா! நகத்தளவு இடத்தில் குதிரைக்குப் பிடரிமயிர் பறக்கும்.

அந்தக் கோடையில் டான்யூப் கரைக் கோட்டை ஒன்று நம் வசமானது. அங்கே நம் படையோடு போயிருந்த லீன்ஹார்ட், ஃபைட்டின் ஒரே மகன், செத்துப்போனான். பத்தொன்பது வயசு. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தகவல் இல்லை. மறுவாரமே வியாபாரி பிர்க்கல் அதே வெற்றிக்குப் பதக்கம் கேட்டு வந்து நின்றான். ஃபைட் மறுக்கவில்லை.

“மதிலடியில ஒரு ஓரமா எம் மகனையும் வெச்சுக்கிறேன்,” என்று மட்டும் கேட்டான்.

“விளையாடுறியா? நம்ம ஆளு செத்துக் கிடக்குற பதக்கத்தை எவன்யா வாங்குவான்? கீழ கிடக்குறவன் தலையில துருக்கித் தலைப்பாகை இருக்கணும். என்னிக்கும் அதுதானே வழக்கம்?” என்றான் பிர்க்கல்.

வழக்கம்தான். ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன், எங்கள் பக்கத்துப் பிணம் ஒன்றைக்கூட வெள்ளியில் பார்த்ததில்லை.

“சரி, தலைப்பாகையே இருக்கட்டும்,” என்றான் ஃபைட்.

பதினோரு நாள் செதுக்கினான். முதல் பதக்கத்தை அடித்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். குதிரைக் குளம்படியில் மல்லாந்து கிடந்த துருக்கியனுக்கு மீசை இல்லை. லீன்ஹார்ட்டின் சப்பை மூக்கு, அவனுடைய குழிவிழுந்த முகவாய்.

“அடப்பாவி, என்னய்யா பண்ணி வெச்சிருக்கே!” என்றேன். அவன் அடுத்த வெள்ளித் தகட்டை எடுத்து என் கையில் வைத்தான்.

பிர்க்கலுக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தையில் பதக்கம் சுடச்சுட விற்றுப்போனது. வாங்கினவர்கள் கீழே கிடப்பவனைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

நாலாம் நாள் ஃபைட்டின் மனைவி வால்புர்கா பதக்கமும் கையுமாகப் பட்டறைக்குள் வந்தாள்.

“ஏன்யா எம் புள்ளைக்கு இந்தத் தலைப்பாகையைக் கட்டிவிட்டே? ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்குதேய்யா!”

“கட்டலேன்னா அவனைப் பதக்கத்துக்குள்ளயே விடமாட்டாங்க, வால்புர்கா,” என்றான் ஃபைட். “எங்கயாவது அவன் இருக்கணும்ல?”

அவள் பதக்கத்திலிருந்த தலைப்பாகையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மிச்சமிருந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.