வளையத்தில் நான்கு சிவப்புக் கோடுகள்

சிலிகா ஏரியின் வடகரையில், மங்களாஜோடிப் படகுத்துறையில் சீட்டு எழுதுபவள் லிப்சா. நவம்பர் மாதத்தில் ஒருநாள் வழிகாட்டி பனமாலி பெஹெரா அவளிடம் வந்து, பறவை பார்க்க ஒரு பைனாகுலர் வேண்டும், கைப்பேசியில் தேடிச் சொல் என்றார். எட்டாயிரத்துக்குள் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற சுகதேவ், அவர் படகை மூங்கில் கழி ஊன்றித் தள்ளுபவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பன்னெண்டு மடங்கு பெருசாக் காட்டுறதா வாங்குங்கண்ணே. வாத்து மடியிலயே வந்து உக்காரும்."

"உக்காரும். நீ தள்ளுற படகுல நடுங்கிக்கிட்டே உக்காரும்."

எட்டு மடங்கு போதும் என்றார் பனமாலி. விடியல் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள முன்கண்ணாடி அகலமாக இருக்க வேண்டும். பனி உள்ளே புகக் கூடாது. லிப்சா குறித்துக்கொண்டாள். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்ட வலப்பக்கம் ஒரு சிறு வளையம் இருக்குமே, அது நிறையத் திரும்ப வேண்டும்.

"பழசுல அது தேஞ்சுபோச்சு மா. முட்டிக்கிட்டு நிக்குது."

பனமாலி பத்து வருடம் கழி போட்டவர். படகின் முன்பலகையில் வழிகாட்டியாக உட்கார்ந்து பதினோரு வருடமாகிறது. அலகு, கால், சிறகின் அடிப்பக்கம் எல்லாம் பார்க்காமல் ஒரு பறவையின் பெயரைச் சொல்ல மாட்டார். சந்தேகமிருந்தால் தெரியவில்லை என்றே படகில் வந்த விருந்தாளியிடம் சொல்லிவிடுவார். பெயர் தப்பாகச் சொல்கிறார் என்று மூன்று புகார் வந்தால் வழிகாட்டி மறுபடி கழி பிடிக்க வேண்டும் என்பது படகுச் சங்கத்தின் வழக்கம். அந்தப் பருவத்தில் அவர்மேல் ஏற்கெனவே இரண்டு வந்திருந்தன. தாங்கள் எடுத்த படத்தைக் காட்டி, இதைப் போய் கருவால் மூக்கன் என்றாரே என்று கேட்டவர்களின் புகாரை லிப்சாதான் எழுதி வாங்கிக்கொண்டாள். அன்றாடப் பறவைக் கணக்கை ஒடியாவிலும் ஆங்கிலத்திலும் எழுதி எழுதி அவளுக்கு எல்லாப் பெயரும் தெரியும். ஆனால் அவள் வாய் திறப்பது அபூர்வம்.

புவனேஸ்வரத்துக் கடைக்காரர் இரண்டு பைனாகுலர்களைக் கொண்டுவந்தார். ஒன்று ஏழாயிரத்து ஐந்நூறு, மற்றது பதினாலாயிரம். தேடிக் கொடுத்தவள் என்பதால் அவளையும் படகில் ஏற்றிக்கொண்டார் பனமாலி. வானத்தை ஒட்டி நின்ற வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறம் கசிகிறதா என்று பார்த்தார்; மட்டமான கண்ணாடி என்றால் கசியும். இரண்டிலும் பெரிதாக இல்லை. பிறகு வளையத்தைத் திருப்பினார். மலிவானதில், பறவை தெளிவாகத் தெரிவதற்குள் அது கடைசிவரை போய் முட்டியது. உதட்டைப் பிதுக்கி, விலையதிகமானதை எடுத்தார். அதுவும் முட்டியது.

லிப்சா மலிவானதை வாங்கி வளையத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள். நாணலுக்குள் நின்ற நீலத் தாழைக்கோழியின் சிவந்த கால்விரல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவருடைய பழைய பைனாகுலரைக் கேட்டு வாங்கினாள். அதன் வளையமும் நன்றாகவே திரும்பியது. விருந்தாளிகள் கலைத்துவிட்டால் தன் அளவுக்குத் திருப்பி வைத்துக்கொள்ள, மனைவியின் சிவப்பு நகச்சாயத்தால் அதில் கோடு போட்டிருந்தார். நான்கு கோடுகள், வருடத்துக்கு ஒரு பறவைப் பருவமாக நான்கு பருவத்துக்கு. ஒவ்வொன்றும் முந்தையதைத் தாண்டி, நான்காவது விளிம்பிலேயே இருந்தது.

பழையதை மடியில் வைத்துவிட்டு, சித்தப்பா முறையில் மௌசா என்று அழைக்கும் அவர் பக்கம் திரும்பினாள்.

"மௌசா, இடது கண்ண மூடிக்கிட்டு அந்தக் கொக்கப் பாருங்க. பைனாகுலர் வேணாம், வெறும் கண்ணால பாருங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பனியா இருக்கே."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சுகதேவ் கழியை ஊன்றியபடி நின்றான்.

"கண்ணுல இருக்குற குத்தத்துக்கு வளையத்தப் பழி சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் பனமாலி. மலிவானதையே எடுத்துக்கொண்டார். இடது கண்ணுக்கு இது தாராளம், மிச்சப் பணம் வலது கண் வைத்தியத்துக்கு ஆகட்டும் என்றார்.

கண்ணில் புரை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அறுவைக்கு ஜனவரியில் நாள் கொடுத்தார்கள். அதுவரை பருவத்து வேலையை விட முடியாது. மறுநாள் காலை பனமாலி லிப்சாவின் சீட்டு ஜன்னலுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் படகில் வா, நான் தப்பாகச் சொன்னால் திருத்து என்றார்.

"காதுல மெதுவாச் சொல்றேன் மௌசா. யாருக்கும் தெரியாது."

"காதுல வேணாம் மா. விருந்தாளிங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லு. பறவை பேர நோட்டுல எழுதிக்கிட்டுப் போறது அவங்கதானே."