முன் வரிசை நடு நாற்காலி

சென்ற வாரம் மதுரை காளவாசலில் ஒரு துட்டி வீட்டில் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். "பெரியவரே, கொஞ்சம் பின்னாடி போயிருங்க. கவுன்சிலர் வாராரு" என்றார் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். எழுந்துகொண்டேன். இறந்துபோனவர் என்னோடு இருபது வருடம் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர். கவுன்சிலர் அவரை உயிரோடு பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். சரி, அதை விடுங்கள். எழுந்தபோது உள்ளங்கையில் துரு வாசனை ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், பழைய இரும்பு மடக்கு நாற்காலி. வாடகைக் கடைக்காரர் மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். உரிந்த இடங்களில் பச்சை தெரிந்தது. முதுகுப் பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு சின்னச் சிலுவையும் அதன் பக்கத்தில் பதினான்கு என்ற எண்ணும் பாதி அழிந்து கிடந்தன. அந்தப் பதினான்கை எழுதியவன் நான்தான். என் கையெழுத்தை என் மகனாலேயே வாசிக்க முடியாது, எண் மட்டும் நன்றாக வரும்.

என் இளவயதில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தேவாலயம் இருந்தது. சின்னதுதான், ஆனால் வளாகம் பெரிது. வேப்பமரங்களுக்கு நடுவே நல்ல விசாலமான மணல் தரை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே கச்சேரி நடக்கும். 'அனுமதி இலவசம், அனைவரும் வருக' என்று சாக்பீஸால் எழுதிய கரும்பலகையை வாசலில் சாய்த்து வைப்பார்கள். மாதா பாட்டுத்தான் பாட வேண்டும் என்று கட்டாயமில்லை. வீணை டீச்சர் வருவார். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரர்கள் வருவார்கள். ஒரு டவுன் பஸ் கண்டக்டர் புல்லாங்குழல் வாசிப்பார், வாசித்துக்கொண்டே விசில் ஊதிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அண்டா நிறைய சுக்குக் காபி உண்டு. உண்மையைச் சொன்னால், நான் முதலில் போனது அந்தக் காபிக்குத்தான்.

ஃபாதருக்கு சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. அவர் தாளம் போட்டால் பாடுகிறவர் தடுமாறிவிடுவார். "எனக்குப் பாட்டு தெரியாதுப்பா, கூட்டம் தெரியும்" என்பார். கூட்டத்துக்காக அவர் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். யாருக்கும் இடம் பிடித்து வைக்கக் கூடாது. முதலில் வந்தவர் முதலில் உட்காரலாம். துண்டு போட்டு வைத்தால் துண்டை எடுத்துக் கொடியில் காயப்போட்டுவிடுவார். ஒரு முறை ஃபாதருக்கெல்லாம் மேலான ஆயரே வந்துவிட்டார். ஐந்தாவது வரிசையில் ஒரு கீரைக்கார அம்மாவுக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த அம்மா கச்சேரி முடியும்வரை அவரிடம் முட்டுவலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்காலிகளை எடுத்துப் போடுவது, முடிந்ததும் மடக்கி அடுக்குவது, எண் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எப்படி என் தலையில் விழுந்தது என்று கேட்காதீர்கள். ஓசிக் காபிக்கு வருகிறவனை எத்தனை மாதம்தான் சும்மா விடுவார்கள்? என் அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "சர்ச்சுல போயி அம்புட்டு சேரையும் தூக்கிப் போடுறியே, நம்ம கோயில்ல என்னைக்காச்சும் ஒரு செருப்பு எடுத்து ஒதுக்கி வச்சிருப்பியா?" என்று கேட்பாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஆபீசில் எல்லோருக்கும் கீழே இருந்த குமாஸ்தா, இங்கே நூற்றிருபது நாற்காலிகளுக்கு அதிகாரி.

அந்த ஆபீசில் மரகதம் என்று ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். மானாவாரிக் காடும் நாலு மாடும் உள்ள குடும்பம். மதுரையில் பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். டைப் அடிக்கும்போது முணுமுணுவென்று ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள், மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற நினைப்பு. எனக்குக் கேட்டது. கேட்பதற்காகவே என் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து அவள் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். 'வெயில் அடிக்கிறது' என்று காரணம் சொன்னேன். அது மார்கழி மாதம். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

கச்சேரியில் பாடச் சொல்லி மூன்று மாதம் கெஞ்சினேன். அவளுக்கு ஆசைதான். வீட்டில்தான் சம்மதமில்லை. மேடையேறிப் பாடுகிற பெண்ணை ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம் அவளுடைய அப்பாவுக்கு. கடைசியில் அவர் ஒரு வழிக்கு வந்தார். அதை மரகதம் அப்படியே சொன்னாள். "எங்கய்யா ஒரு தடவ வந்து பாக்கேன்னு சொல்லிருக்காரு சார். எடம் சரியா இருந்தா பாடு, இல்லாட்டி இதோட விட்ரணும்னுட்டாரு." கூடவே இன்னொன்றும் கேட்டாள். "அவரு முன்னாடி நடுவுல உக்காந்தா எனக்குப் பயம் இருக்காது. அவரு மூஞ்சியப் பாத்தே பாடிருவேன். ஒரே ஒரு சேர் மட்டும் பிடிச்சு வைங்க சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் முடியாதும்மா. இங்க யாருக்கும் சேர் பிடிச்சு வைக்கிறது கிடையாது. அதான் ரூல்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப வெள்ளன வரச் சொல்லிருதேன்" என்றாள்.

இங்கே மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மாதம் டிரான்ஸ்பர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. தர்மபுரிக்கு ஒருவரை அனுப்பப்போகிறார்கள், அது நானாக இருக்கலாம் என்று பியூன் சொன்னார். பியூன் சொன்னால் ஆர்டர் வந்த மாதிரி. மரகதம் இருக்கும் ஆபீசைவிட்டு நான் எங்கே போவது? மேனேஜரின் மனைவிக்குப் பாட்டு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, மேனேஜரிடம் போய் இளித்துக்கொண்டு நின்றேன். "சனிக்கிழமை குடும்பத்தோட வாங்க சார். முன்னாடியே உக்காரலாம்." அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மூன்றரை மணிக்கே ஒரு பெரியவர் வந்துவிட்டார். சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை. நான் நாற்காலிகளை விரித்துப் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை மரத்தடியில் வைத்துவிட்டு, கேட்காமலே வந்து ஒரு கை கொடுத்தார். முதல் இரண்டு வரிசை அவர் போட்டதுதான். ஒவ்வொரு நாற்காலியையும் துண்டால் தூசி தட்டித் துடைத்து வைத்தார். "பாட்டு எப்பத் தம்பி?" என்றார். "ஆறு மணிக்கு" என்றேன். மதுரையில் 'எந்த ஊர்?' என்று கேட்காமல் யாரும் யாரோடும் இரண்டு நிமிடம் பேச மாட்டார்கள். நான் கேட்கவில்லை. அவரும் தாமாகச் சொல்லவில்லை, கூச்சமாக இருந்திருக்கும். எல்லாம் போட்டு முடித்ததும் முன் வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பதினான்காம் எண்.

ஐந்தரைக்கெல்லாம் வளாகம் நிறைந்துவிட்டது. ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜரின் கார் வாசலில் வந்து நின்றது. அவர், மனைவி, மகள். ஃபாதர் உள்ளே மைக்செட்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் நேராக முன் வரிசைக்குப் போனேன். நடுவில் அந்தப் பெரியவர், அவருக்கு இரண்டு பக்கமும் பூக்காரப் பெண்கள். "பெரியவரே, கொஞ்சம் பின்னாடி போயிருங்க. ஆபீசர் வாராரு" என்றேன். ஆமாம், அதே வார்த்தைகள். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பூக்காரப் பெண்கள் சும்மா எழுந்திருக்கவில்லை. "அடேங்கப்பா, வந்த வாழ்வப் பாரு!" என்று என் காதுபடவே சொல்லிக்கொண்டு போனார்கள். பெரியவர் மட்டும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, "எங்கிட்டு உக்காரத் தம்பி?" என்று கேட்டார். "பின்னாடி எங்கயாச்சும்" என்றேன். பின்னால் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்காலிகளுக்கு அதிகாரி அல்லவா நான்.

மேனேஜர் இரண்டே பாட்டுத்தான் இருந்தார். கொசு கடிக்கிறது என்று மகள் சிணுங்கினாள். மூன்று பேரும் எழுந்து போய்விட்டார்கள். முன் வரிசை நடுவில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர்கூட வந்து உட்காரவில்லை. அது யாருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. அந்த வளாகத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

நான்காவதாக மரகதத்தைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மைக்கின் முன்னால் வந்து நின்று நேராக நடுவில் பார்த்தாள். காலி நாற்காலி. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடியும் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அம்மாவிடம் கற்றுக்கொண்ட களையெடுப்புப் பாட்டைத்தான் பாடுவதாக இருந்தது. இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியைப் பாதியிலேயே நிறுத்தினாள். கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். கூட்டம் இரக்கப்பட்டுக் கை தட்டியது. அந்தக் கைதட்டலைப்போலக் கொடுமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்து, "எங்கய்யா வரலையா சார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. "மரகதம், வாத்தா போவோம்." மஞ்சள் பையோடு அந்தப் பெரியவர் கதவோரம் நின்றிருந்தார். அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார். என்னைப் பார்த்தார். பையைக் கை மாற்றிக்கொண்டு மகளோடு நடந்தார்.

திங்கட்கிழமை டைப் மிஷினின் உறையைக் கழற்றாமலே மரகதம் கேட்டாள். "எங்கய்யாவ யாரோ எந்திரிக்கச் சொல்லிட்டாகளாம் சார். யாருன்னு சொல்ல மாட்டேங்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலையேம்மா. விசாரிக்கிறேன்" என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் லீவு லெட்டரில். அவையெல்லாம் மறந்துவிட்டன. இது மட்டும் மறக்கவில்லை.

ஃபாதருக்குப் பூக்காரப் பெண்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரமே அவர் பஸ் ஏறிப் போய் மரகதத்தின் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போனதைச் சொன்னார். "'நீங்க ஒண்ணும் எந்திரிக்கச் சொல்லலையே சாமி, நீங்க எதுக்கு வந்தீங்க? சொன்னவுக வரட்டும்'னாருப்பா." சொல்லிவிட்டு, "காளவாசல்ல ஏறுனா ஒரே பஸ்தான்" என்றார்.

நான் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் தர்மபுரிக்கு ஆர்டர் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டது அதே மேனேஜர்.

நான் இல்லாத வருடங்களில் நடந்ததை, லீவில் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா சொல்வாள். "அன்னைக்கு ஆபீசருக்குக் குடுத்தீங்கள்ல?" என்று கேட்டு ஒரு டாக்டர் முன் வரிசையை வாங்கினாராம். டாக்டருக்குக் கொடுத்ததைச் சொல்லி ஒரு கான்ட்ராக்டர் வாங்கினாராம். ஃபாதர் மாற்றலாகிப் போனதும் முன்னால் சோபா வந்தது, கயிறு கட்டினார்கள், பிறகு பாஸ் வந்தது. அனுமதி அப்போதும் இலவசம்தான். கீரைக்கார அம்மாவும் பூக்காரப் பெண்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சோபாக்காரர்கள் இரண்டு பாட்டுக்கு மேல் இருப்பதில்லை. ஒரு வருடம் மழை என்று நிறுத்தியவர்கள் மறுபடி ஆரம்பிக்கவே இல்லை. முதல் கயிற்றைக் கட்டியவன் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மதுரைக்குத் திரும்பி வந்த பிறகு, பத்து வருடத்துக்கு மேல் மரகதமும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் அவளுக்கு. எனக்கு ஒரு மகன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, தட்டினால் சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாத அறையில் ஒரு நாள்கூட அவள் முணுமுணுத்து நான் கேட்கவில்லை. அவளுடைய அப்பா இறந்த செய்தி வந்தபோது ஆபீசே வேன் வைத்துக்கொண்டு போனது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து அவளுடைய பணி நிறைவு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸ் ஹாலில் தாமதமாகப் போய்க் கதவோரம் நின்றேன். மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்துச் சொன்னாள்.

"சார், ஏன் நிக்கிறீங்க? முன்னாடி நடுவுல சேர் காலியாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க. யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமையே தெரிந்துகொண்டுதான் கேட்டாளோ என்னவோ. இளம்பிள்ளைகள் சிலர், "மேடம், ஒரு பாட்டு!" என்று கத்தினார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பாட வராதுப்பா" என்றாள்.

சென்ற வாரம் துட்டி வீட்டிலிருந்து கிளம்பி அந்தத் தேவாலயத்தின் பக்கமாக நடந்தேன். வேப்பமரங்கள் இல்லை. மணல் தரை முழுக்க சிமென்ட் போட்டு, கார்கள் நிறுத்தக் கோடு கிழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண், என் எழுத்தைவிட நன்றாகவே இருக்கிறது. வாசலில் நின்றபோது உசிலம்பட்டி பஸ் ஒன்று போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்போதெல்லாம் அரை மணிக்கு ஒன்றுதான், இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிறது. காளவாசலில் ஏறினால் ஒரே பஸ்தான். சொன்னவன் போகலாம், வரச் சொன்னவர்தான் அங்கே இல்லை.