ஒட்டகம் இல்லாத வலது ஓரம்

மருந்துக்கடையில் முழங்கால் பட்டை வாங்கப் பணத்தை நீட்டுவதற்கு முன் ஆந்தை ஒருமுறை இடது தோளுக்கு மேலாகப் பார்க்கிறார். பிறகு வலது தோளுக்கு மேலாக. பின்னால் யார் நிற்கிறார்கள், எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள், எந்தக் காலில் சாய்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மனதில் பதிந்த பிறகுதான் கை நீளும். கடைக்காரர் புதியவர். இந்தத் திருட்டு முழியைக் கண்டதும் கல்லாப்பெட்டியை இழுத்து மூடிவிட்டார். ஆந்தையின் மனைவிக்கு இது பழகிப்போன மானக்கேடு. "உங்கள யாரும் தொரத்தல. வாங்கிட்டு வாங்க" என்றார் வாசலிலிருந்தே.

வயது முப்பத்துநான்கு. இருபதைத் தாண்டிய நாள் முதல் பந்து உதைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. முதல் வரிசைக்கு ஒரு படி கீழே உள்ள கிளப்பில் நடுக்கள ஆட்டக்காரர். நடுக்களத்தில் நிற்பவனுக்கு எதிரிகள் நாலா பக்கமும் இருப்பார்கள். பந்து காலுக்கு வந்த பிறகு யோசிக்க உட்கார்ந்தால் பந்தும் போய்விடும், சில சமயம் காலும் போய்விடும். அதனால் பந்து வருவதற்கு முன்பே சுற்றும் முற்றும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இவர் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை கழுத்தைத் திருப்புகிறார் என்று எண்ணப்போய் எண்ணிக்கையைத் தவறவிட்ட கோல்கீப்பர்தான் 'ஆந்தை' என்று பெயர் வைத்தார். அந்த மனிதர் சக ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பிராணியின் பெயரைச் சூட்டி டிரெஸ்ஸிங் ரூமையே மிருகக்காட்சி சாலையாக்கி வைத்திருக்கிறார்.

மாமியாருக்கு மட்டும் மாப்பிள்ளையின் உத்தியோகம் இன்றுவரை பிடிபடவில்லை. "நல்லாத்தான் ஓடறாரு. ஆனா பந்து கெடச்சா ஒடனே யாருக்காவது குடுத்துடறாரே! தனக்குன்னு ஒண்ணு வச்சுக்கத் தெரியலையே" என்று மகளிடம் அங்கலாய்ப்பார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆந்தை சோபாவில் காலை நீட்டி, முழங்கால்மேல் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொள்வார். வீக்கம் வடிந்ததும் பொட்டலம் சமையலறைக்குப் போகும். ஏழு வயது மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பா முட்டில வச்ச பட்டாணி எனக்கு வேணாம்" என்பாள். நியாயமான பேச்சுதான், யாரும் மறுப்பதில்லை.

இப்படி எட்டுத் திக்கும் பார்க்கிற மனிதர் ஒரே ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. வலது ஓரம். அங்கே பல வருடங்களாக ஒட்டகம் ஓடிக்கொண்டிருந்தான். நீளக் கால், நீளக் கழுத்து, அதைவிட நீளமான வாய். மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுவான். பந்து வந்ததும் ஆந்தை தலையை நிமிர்த்தாமலே வலது ஓரத்துக்கு அனுப்புவார். அங்கே ஒட்டகம் இருப்பான். எப்போதும் இருந்தான். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

போன வருடம் ஒட்டகத்தை ஊரின் இன்னொரு கிளப் கொத்திக்கொண்டு போய்விட்டது. ஆந்தைக்கு விஷயம் தெரியும். பிரிவு விருந்தில் கண் கலங்கியவர் அவர்தான். ஆனால் கால் மட்டும் அந்த விருந்துக்கு வரவில்லை போலும். சீசன் தொடங்கியதிலிருந்து அது பழையபடியே வலது ஓரத்துக்குப் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தது. பந்து கோட்டைத் தாண்டி விளம்பரப் பலகையில் மோதி நிற்கும். "அங்க யாரு இருக்கா? பேய்க்கா பாஸ் குடுக்கற?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். அடுத்த ஆட்டத்தில் அதையே பத்துப் பேர் கத்தினார்கள்.

பிறகுதான் அந்த ஆட்டம் வந்தது. எதிரே ஒட்டகத்தின் புதிய கிளப். வயதாகிவிட்டது என்று அவனை அங்கே தடுப்பாட்டத்துக்கு மாற்றி, இடது பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு இடது என்றால் நமக்கு வலது. அதே கோடு, அதே புல். ஆந்தைக்குப் பந்து வந்தது. இடது தோள், வலது தோள் எல்லாம் முறையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பாஸ் கொடுத்தார். எதிரணிச் சட்டையில் நின்ற ஒட்டகத்தின் காலடியில் அது பவ்வியமாகப் போய் நின்றது. ஒரு கணம் அவனுக்கே ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நீளமாக ஒரு உதை. அந்தப் பந்துதான் கோலானது. ஆந்தையின் அணி தோற்றது.

"டேய், இத்தன வருஷத்துல நீ குடுத்த பாஸ்லயே இதுதான்டா அழகு" என்று சாயங்காலம் போனில் ஒட்டகம் சிரித்தான். இவரும் சிரித்தார். போனை வைத்தபின் வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பயிற்சியாளர் திட்டவில்லை. அதுதான் பயமுறுத்தியது. பயிற்சியாளரின் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும், காது கூசும்படி திட்டுவார். ஆனால் சரிபண்ண முடியும் என்று நம்புகிறவனைத்தான் திட்டுவார். யாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாரோ அவன் பெட்டியைக் கட்டலாம் என்பது டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் தெரியும். ஆந்தையிடம், "ஒக்காருங்க, ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். 'டா' போய் 'ங்க' வந்துவிட்டது. இந்தச் சீசனோடு ஒப்பந்தமும் முடிகிறது. கிளப் செயலாளரைக் கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்று வராத போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

"ஸ்கூல்ல கேக்கறாங்க, அடுத்த வருஷம் பாப்பா இங்கதானான்னு. என்ன சொல்லட்டும்?" என்று மனைவி கேட்டார்.

"ரெண்டு வாரம் பொறு. சொல்றேன்."

"வேற ஊரானாலும் பரவால்ல. ஆனா நீங்க இப்படி மொகத்தத் தூக்கி வச்சுட்டுக் கெளம்ப வேணாம். ஆட முடியலன்னா வேற, ஆட மறந்துட்டேன்னா வேற. எதுன்னு மொதல்ல பாருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஆட்டம் முழுக்க வலது ஓரத்தைப் பார்த்தார். ஒட்டகத்தின் இடத்துக்கு வந்திருந்த அணில் கோட்டை ஒட்டி ஓடவே இல்லை. ஓரத்திலிருந்து உள்பக்கமாக வெட்டி, இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் புகுந்து, கையைத் தூக்கிக்கொண்டே ஓடினான். யாரும் கொடுக்கவில்லை. திரும்பி வந்து மறுபடியும் ஓடினான்.

ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றும்போது ஆந்தை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீ எப்பவுமே உள்ளதான் ஓடுவியா?"

"சீசன் ஆரம்பிச்சதுலேருந்து அப்படித்தாண்ணே ஓடறேன். நீங்கதான் எல்லாப் பக்கமும் பாக்கறீங்க, என்னை மட்டும் பாக்கவே மாட்டேங்கறீங்க."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது? ஒட்டகம் அண்ணனுக்கு மட்டும்தான் குடுப்பேன்னு ஏதோ சபதம் போலன்னு நெனச்சேன்."

ஆந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்குப் பயிற்சி முடிஞ்சு நிப்பியா? எனக்கு உன் ஓட்டத்தக் கத்துக்கணும்" என்றார். இதைச் சொல்வது அவருக்கு லேசாக இருக்கவில்லை.

மறுநாள் மைதானம் காலியான பிறகு இருவரும் நின்றார்கள். கோல்கீப்பரும் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். முதல் பந்து பழைய கோட்டுக்கே போனது. அடுத்ததும் அப்படியே. அணில் சளைக்காமல் ஓடிப்போய் எடுத்து வந்தான். "இன்னொரு தடவ அந்தப் பக்கம் போச்சுன்னா ஒட்டகத்துக்கே போன் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுவேன்" என்றார் கோல்கீப்பர். அந்த வாரக் கடைசியில் கால் மெல்ல வழிக்கு வந்தது. அடுத்த வாரம் ஆந்தை தரையைப் பார்த்தபடியே அனுப்பிய பந்து அணிலின் காலில் போய் ஒட்டியது. அன்று வீட்டில் பட்டாணிப் பொட்டலத்தோடு உட்கார்ந்தவர், காரணம் சொல்லாமல் சீட்டியடித்தார்.

சீசனின் கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நேரம் கரைந்துகொண்டிருந்தது. நடுக்களத்தில் ஒருவன் தசை பிடித்துக்கொண்டு விழ, பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "போங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பினார்.

முதல் சில நிமிடங்கள் ஆந்தை சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கினார். பிறகு ஒரு பந்து நேராக வந்தது. இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். அவர் வலது பக்கம் திரும்பவே இல்லை. கால் தானாக உள்பக்கம் வெட்டி அனுப்பியது. தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் வெறும் கோட்டைக் காக்க ஓடிக்கொண்டிருக்க, நடுவில் அணில் பந்தோடு இருந்தான். அடித்தான். வலை குலுங்கியது.

மொத்த அணியும் அணில்மேல் மலையாகக் குவிந்தது. ஆந்தை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். ஆட முடியும் என்பது தெரிந்துவிட்டது. நெஞ்சு நிறைந்திருந்தது.

எதிரணி மறுபடியும் ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை நடுவில் வைத்தது. அப்போது மைதான ஓரத்திலிருந்து, கழுத்து நரம்பு புடைக்க, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் வந்தது.

"டேய் ஆந்தை! கோல் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுதாடா? எங்கடா நிக்கற? எடது பக்கம் தள்ளி நில்லு, அறிவுகெட்டவனே!"

ஆந்தை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கம் தள்ளி நின்றார்.