கிரேனுக்குக் கீழே என் ஏரியல்

பிரிக்ஃபீல்ட்ஸில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை, கிள்ளானில் சொந்தப் பட்டறை, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி, கடைசியாக, ரேடியோ அலை பிடிக்கச் செம்புத் தகட்டில் வெட்டிய உள்ளங்கை அகல ஏரியல். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இத்தனையையும் என் கையால் உண்டாக்கினேன். யாரும் தூக்கிவிடவில்லை.

தொண்ணூறுகளில் அந்த ஏரியலைக் கேட்டு வந்தவர் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை ஒன்றின் இன்ஜினியர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநருக்குக் கீழே நின்று வழிகாட்டுபவர்களின் வாக்கி டாக்கியில் நீண்ட கம்பி அடிக்கடி மாட்டி ஒடிந்தது. கம்பியே இல்லாமல், எல்லா சானலுக்கும் ஒன்றே போதும்படி தட்டையான ஏரியல் வேண்டும் என்றார். கணக்கு அவர் போட்டார். வடிவம் என்னுடையது. மூலைகளை வளைத்து வெட்டி, இரண்டு செம்புத் துண்டுகளுக்கு நடுவே நூலிழை இடைவெளி விட்டேன். அந்த இடைவெளியில்தான் அதன் உயிர்.

பட்டறையில் தெளிவாகப் பேசியது. போர்ட் கிள்ளானில் வழிகாட்டியாக இருந்த என் மனைவியின் தம்பியிடம் சோதிக்கக் கொடுத்தேன்.

அவன் கண்டெய்னர் அடுக்குகளின் சந்தில் நின்றான். நானும் இன்ஜினியரும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். மேலிருந்து ஒரு கண்டெய்னர் அவன் பக்கமாக ஆடியபடி இறங்கியது.

"ஸ்டாப்! ஸ்டாப் லா!"

அவன் கத்தியது எனக்குக் கேட்டது, ஓட்டுநருக்குப் போகவில்லை. கண்டெய்னர் நிற்கவில்லை. வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. பிறகு சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு கிரேனுக்கு முன்னால் ஓடினேன். ஓட்டுநர் பார்த்து நிறுத்தினார். அவன் நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"காலையில நல்லாத்தானே வேலை செஞ்சது அங்கிள்?" இன்ஜினியர் ஓடி வந்து கேட்டார்.

அவனிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கிப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஏரியலின் இடைவெளி மேலேயே ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னடா இது?"

"புது சாமான்லா அத்தான். பொட்டு வைக்காம எப்படி எடுக்கறது?"

"மூடி மேல வெச்சா சாமி கோவிச்சுக்குமா?"

"உள்ளதானே மிஷின் இருக்கு!"

ஈரம் இரண்டு செம்பையும் சேர்த்துவிட்டிருந்தது. துடைத்துக் காயவைத்தேன். மறுபடி சோதிக்க அவனை அனுப்ப மனம் வரவில்லை. நானே அந்தச் சந்தில் போய் நின்றேன். கண்டெய்னர் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. வியர்வையில் வாக்கி டாக்கி வழுக்கியது. துடைத்தது போதுமா, செம்பில் பிசுக்கு மிச்சம் இருக்கிறதா என்ற பயம் விடவில்லை. "ஸ்டாப்" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது.

நின்றது.

பிறகு அந்த ஏரியலுக்குத் தொழிற்சாலை போட்ட கையேட்டில், வடிவமைத்தவர் என்று இன்ஜினியர் பெயர் மட்டும் இருக்கிறது. கணக்கு அவருடையது, மறுக்கவில்லை. வெட்டியவன் நான். அதை நம்பி இரும்புக்குக் கீழே நின்றவனும் நான். தொழிற்சாலைக்காரர்களே, அடுத்த பதிப்பில் என் பெயரையும் போடுங்கள், அவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.