பெரிய கங்காணிக்கு நான் எழுதிய ஆறு வரி

கண்டியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை எனக்கு. வருஷா வருஷம் பஞ்சாங்கம் போடுவோம். அதன் பின்பக்கங்களில் பொது விஷயம் கொஞ்சம் வரும்: கிரகணம் ஏன் பிடிக்கிறது, மகாவலி எங்கே பிறக்கிறது, கோப்பிச் செடி எந்தச் சீமையிலிருந்து வந்தது. பிறகு பிரபலமானவர்கள், ஆளுக்கு ஆறு வரி. அதை நான்தான் எழுதுவேன். விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அந்தந்தப் பெரியவரே ஆளனுப்பித் தன் பெருமையைச் சொல்லிவிடுவார். நான் அதற்கு எண்ணெய் தடவித் தலைவாரி விடுவேன்.

அந்த வருஷம், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்துக்குக் கடலுக்கு அக்கரையிலிருந்து ஆள் சேர்த்து வந்து வேலை வாங்குகிற பெரிய கங்காணி ஒருவர். "தம்மை நம்பி வந்த குடிகளுக்கு ஓட்டு வீடும், வயிறாரச் சோறும், நோய்க்கு வைத்தியமும் குறைவின்றி அளிப்பவர்" என்று எழுதினேன். அந்தத் தோட்டத்தை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை. வாசகம் நன்றாய் விழுந்துவிட்டதென்று இரண்டு தரம் வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தேன், மடையன்!

அக்கரையில் எங்கள் ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் என் தங்கச்சிக்கு ஒரு பஞ்சாங்கம் கொடுத்தனுப்பினேன். சில மாதம் கழித்து, யாரையோ பிடித்து எழுதவைத்த அவள் கடிதம் வந்தது. ஊரில் மழை இல்லையாம். நான் எழுதிய கங்காணியின் ஆட்களோடேயே அந்தத் தோட்டத்துக்குக் குடும்பமாகப் புறப்படுகிறார்களாம்.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரரைப் பிடித்து விசாரித்தேன். அவர் மடியிலிருந்து ஒரு கோப்பி இலையை எடுத்துக் காட்டினார். அடிப்பக்கமெல்லாம் மஞ்சள் தூள்.

"மலை முழுக்கக் கோப்பிக்கு இந்த நோவுதாங்க, இலை கொட்டுது. இருக்கிற ஆளுக்கே அரைவயித்துச் சோறு. ஆளுங்க குடியிருக்கிற லயத்துல காய்ச்சல், கேக்க நாதியில்ல."

"ஓட்டு வீடு?"

"ஓடா?" அவர் சிரித்தார். "புல்லுக்கூரைங்க. அதுவும் ஒழுகுது."

வராதே என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன். என் கடிதம் கடல் தாண்டுமுன் அவர்கள் தாண்டிவிட்டார்கள்.

அக்கரையிலிருந்து வரும் ஆட்கள் நடந்து வருகிற மாத்தளைப் பாதையோரம், கட்டுகஸ்தோட்டையில், ஞாயிறு தோறும் போய் நின்றேன். மூன்றாம் ஞாயிறு வந்தார்கள். தங்கச்சி இடுப்பில் பிள்ளை, கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும், "அண்ணே!" என்று ஓடிவந்து மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே அந்தப் பஞ்சாங்கம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி.

"அவ்வளவும் பொய் தாயி. அங்க போகாதீங்க" என்றேன்.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அச்சுல ஏறினது பொய்யாகுமா மச்சான்? வீடு வாசல வித்துட்டு வந்தாச்சு. இனி எங்க போறது?"

எங்கே போகச் சொல்வேன்? நானே அச்சுக்கூடத்து மூலையில் படுக்கிறவன். கூட்டிவந்த சின்னக் கங்காணி, "நடங்க, நடங்க" என்று அதட்டினான். தங்கச்சி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"இவரு முதல்ல நம்பலண்ணே. என் அண்ணன் பொய் எழுதாதுன்னு நான்தான் சொல்லிச் சொல்லிக் கெளப்புனேன்."

கூட்டம் நடந்தது. அவளும் நடந்தாள்.

அடுத்த வருஷமும் பெரிய கங்காணி ஆளனுப்பினார். தங்கச்சி அவர் லயத்தில் அல்லவா இருக்கிறாள்! அதே ஆறு வரியை ஓர் எழுத்துக் குறையாமல் கோத்துக் கொடுத்தேன்.